துரைசாணியின் பிரேக்கும் என் வாயும்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கு வழியில்லை. நீ நலமாக இருப்பது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறது. கல்யாணச் சாப்பாடு இன்னும் செரிக்காத மாப்பிள்ளையின் மத்தியானக் குறட்டை அது. உன் மனைவி சமையலறையில் உன் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறாள். பேச்சு என்னைப் பற்றித்தான், ஏனென்றால் நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனதும் இருவரும் சட்டென்று வெங்காயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் இரண்டு பேரும் துரைசாணியில் ஏறி செர்டாங்குக்குப் போகிறீர்கள். அங்கே உனக்குப் பள்ளிக்கூடத்து வேலையும் ஒரு வீடும் காத்திருக்கின்றன. கல்யாணப் பரிசாக நான் தரக்கூடியது அந்தக் கார் ஒன்றுதான். அதன் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் அதன் பிரேக்கைப் பற்றி உனக்கு ஓர் உண்மை சொல்லியாக வேண்டும். மூன்று வருஷமாக நான் சொல்லிவரும் கதையை மறந்துவிட்டு இதைப் படி.

இதை மடித்து உன் சட்டைப் பையில் வைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், வாரந்தோறும் நான் கோணங்கித்தனம் பண்ணும் இந்த ஞாயிறு பத்திரிகையின் அதே பத்தியில் ஏன் போடுகிறேன் என்று கேட்பாய். தப்பு ஊர் முன்னால் செய்தது. அதை வீட்டுக்குள் வைத்து ஒப்புக்கொள்வது, சந்தையில் ஒருவன் காலை மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்பதற்குச் சமம். மெர்போக் பக்கத்துத் தோட்டத்தில் பெரிய கிராணியாக, கணக்குப்பிள்ளையாக, உட்கார்ந்து, ரப்பரை நிறுத்து எழுதுவதைவிட ஊர்க்கதையை நிறுத்து விற்பதில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன் உன் அப்பன். விற்ற சரக்கில் ஒன்று கலப்படம். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் உன் கல்யாணத்தில், தோட்டத்துப் பள்ளிக்கூடத்து மண்டபத்தில், நீ ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் நன்றி சொன்னாய். முன்வரிசையில் யூசுப் நானா உட்கார்ந்திருந்தார். சுங்கைப் பட்டாணியில் கார் பட்டறை வைத்திருக்கும் நாகூர்க்காரர், துரைசாணியின் வைத்தியர், உன்னைத் தூக்கி வளர்க்காத குறை. அவரைக் கை காட்டி, “எங்கப்பா மட்டும் அன்னிக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலேன்னா நானா இன்னிக்கு இங்க உக்காந்திருக்க மாட்டாரு” என்றாய். கூட்டம் கைதட்டியது. நானா சிராப் சர்பத் கிளாஸுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். உன் அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று இப்போது உனக்குத் தெரியாது. இன்னும் ஆறு மாதத்தில் உனக்கென்று ஒன்று தயாராகிவிடும்.

அதோடு முடிந்திருந்தால் நான் இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருப்பேன். பந்தியில் சம்பந்தி வீட்டு மாமா ஒருவர், நல்ல மனுஷர், விளையாட்டாக நானாவிடம் கேட்டார்: “பாய், உங்க கடை பிரேக் ஆயில்ல பாதி தண்ணியாமே? ஊரே சொல்லுது.” நானா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, “இப்ப மழை கொறைச்சல் மாமா, அதனால கால்வாசிதான்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சாம்பார் எனக்குக் கசந்தது. அந்தத் தண்ணீர் அவருடையது இல்லை தம்பி. என்னுடையது.

துரைசாணி நம் வீட்டுக்கு வந்த கதை உனக்குத் தெரியும். யுத்தத்துக்கு முந்தின கார். சின்ன துரையின் சம்சாரம் தொப்பி வைத்துக்கொண்டு ஓட்டினதால் லயத்து ஆட்கள் வைத்த பெயர் அது. ஜப்பான்காரன் காலத்தில் கோழிக்கூண்டாக இருந்து, துரை சீமைக்குத் திரும்பிப் போனபோது என் தலையில் விழுந்தது. இடது கதவைத் தூக்கிச் சாத்த வேண்டும், வலது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கும். இதையெல்லாம் நீ அறிவாய். நீ பினாங்கில் ஆசிரியர் பயிற்சியில் இருந்த வருஷம் நடந்ததுதான் உனக்குத் தெரியாதது.

அந்த வருஷம் பிரேக் மெத்தென்று ஆயிற்று. மிதித்தால் இட்லி மேல் கால் வைத்த மாதிரி. நானாவிடம் ஓட்டிப்போனேன். அவர் காருக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, முதலில் என்னைத்தான் விசாரித்தார். “மிதிச்சா எப்படி இருக்கு, கிராணி? பஞ்சு மாதிரியா? பஞ்சுன்னா உள்ள காத்து. மிதிச்சு அப்படியே வச்சிருக்கும்போது கொஞ்சங் கொஞ்சமா கீழ போனா எங்கயோ ஒழுவுது. நாலு தரம் மிதிச்சா மேல வந்து நிக்குதுன்னா உள்ள பிரேக் ஷூ தேஞ்சிருச்சு, இறுக்கிவிட்டா போதும். எது உங்களுக்கு?” எனக்கு மூன்றும் இருப்பதாகச் சொன்னேன். டாக்டரிடம் போனாலும் நான் அப்படித்தான் சொல்வேன். பின்சக்கரத்தில் ஒரு ரப்பர் வாஷர் கிழிந்து ஆயில் கசிந்திருந்தது. அதை மாற்றினார். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திருகில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, அதன் மறுமுனையை ஆயில் ஊற்றிய கண்ணாடிப் போத்தலில் முக்கினார். என்னைப் பெடலை மிதிக்கச் சொன்னார். மிதி என்றால் மிதிக்க வேண்டும், பிடி என்றால் பிடிக்க வேண்டும். அவர் திருகைத் திறக்கும்போது போத்தலில் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. குமிழி நின்றதும் திருகை மூடினார். பெடல் கல்லாகிவிட்டது.

நன்றி சொல்லிக் கிளம்பும்போது, பினாங்கிலிருந்து வந்த ஒரு டின் பிரேக் ஆயிலைத் தந்தார். சீல் உடைக்காத புது டின். “கொறைஞ்சா ஒரு சொட்டு விடுங்க. மூடிய இறுக்கி மூடுங்க, காத்துப்படக் கூடாது. வேற எதையும் நோண்டாதீங்க.” இந்த மூன்று வாக்கியங்களையும் நான் அன்றே கேட்டிருந்தால் இன்றைக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது.

தோட்டத்துக் கேட்டில் அப்போது கெடுபிடி உச்சத்தில் இருந்தது. அரிசி ஒரு கைப்பிடி வெளியே போகக் கூடாது. டின்னில் அடைத்த பண்டம் எதுவானாலும் ஓட்டை போட்டுத்தான் உள்ளே விட வேண்டும். காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போனால் வைத்துத் தின்ன முடியாதபடி கெட்டுப்போகட்டும் என்று. கேட்டில் நின்ற சிறப்புப் போலீஸ்காரன் ஒஸ்மான், பழகுவதற்குத் தங்கம், சட்டத்தில் இரும்பு. கையில் ஓர் ஆணியும் சுத்தியலும் வைத்திருப்பான். என் டின்னைப் பார்த்ததும் எடுத்தான். “இது தின்கிறதில்லை, காருக்கு” என்றேன். “பெராத்துரான், எஞ்சே” என்றான். சட்டமென்றால் சட்டம். “செமுவா தின் மெஸ்தி லுபாங்.” எல்லா டின்னுக்கும் ஓட்டை உண்டு. டின்னின் மேல் விளிம்போரம் ஆணி இறங்கியது.

இங்கேதான் உன் அப்பனின் முதல் தப்பு. ஒஸ்மானைக் குறை சொல்ல மாட்டேன், அவன் வேலையை அவன் செய்தான். அரை நாழிகை நின்று பேசினால் விளங்கிக்கொண்டிருப்பான். ஆனால் பக்கத்தில் நாலைந்து பால்வெட்டுக்காரப் பெண்கள் நின்றிருந்தார்கள், அவர்கள் சிரிக்கக்கூடியவர்கள். “ஒண்ணு போதுமாடா? இன்னொண்ணு போடு, மூச்சு முட்டப்போகுது பாவம்” என்றேன். ஒஸ்மான் மரியாதையாக இரண்டாவது ஓட்டையும் போட்டான். பெண்கள் சிரித்தார்கள். நான் ஜெயித்தவன் போல் டின்னை வீட்டுக்குக் கொண்டுபோய், கார் கொட்டகையில், அத்தாப்பு ஓலைக் கூரை ஒழுகும் மூலையில், பலகை மேல் வைத்தேன். மழைக்காலம் முழுவதும் அது அங்கேயே இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

மழை ஓய்ந்ததும் எனக்கு ஞானம் பிறந்தது. நானா செய்ததை நான் ஒரு தடவை பார்த்தாயிற்று, இனி எனக்குத் தெரியாதா? தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் எதிரில் பீற்றிக்கொள்ளவும் ஆசை. பழைய ஆயிலையெல்லாம் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றிக் காற்று எடுப்பதென்று முடிவு செய்தேன். உன் அம்மாவை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, “மிதி, பிடி, விடு” என்று சத்தம் போட்டேன். “இது நானா பார்க்க வேண்டிய வேலை இல்லையா?” என்று அவள் கேட்டாள். “உனக்கு ஒண்ணும் தெரியாது, மிதி” என்றேன். மிதித்தாள். அளவு சரியில்லாத ஸ்பேனரால் திருகுகளின் முனையை மழுங்கடித்தேன். பெடல் கல்லாக நின்றது. என் நெஞ்சும் நிமிர்ந்து நின்றது, ஆறு அங்குலம் முன்னால்.

நாலாம் நாள் மேட்டு டிவிஷன் மருந்தகத்துக்கு உன் அம்மாவை அழைத்துப்போய்த் திரும்பினேன். அந்த இறக்கம் உனக்குத் தெரியும். பெட்ரோல் மிச்சம் பிடிப்பதாக நினைத்து, கியரை எடுத்துவிட்டு, முழு இறக்கத்தையும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். பாதியில் பெடல் மெத்தென்றது. முக்கால்வாசியில் பெடல் என்று ஒன்று இருந்ததற்கே அடையாளமில்லை. வளைவில் திரும்பினேன், ஹாரன் தானாக அடித்தது, அதனால் ஆட்கள் விலகினார்கள். அந்த ஓட்டை ஹாரனுக்கு இன்றும் நன்றி. அடுத்து வந்தது, ரப்பர் ஷீட்டுகளை நீர் வடியப் போட்டிருந்த மூங்கில் கொடிகள். ஒன்று, இரண்டு, மூன்று கொடிகளை இழுத்துக்கொண்டு, நாற்பது ஷீட்டுகளைப் போர்த்திக்கொண்டு துரைசாணி நின்றாள். உள்ளே ஒரே இருட்டு, பால் நாற்றம். உன் அம்மா கேட்டாள்: “இதுதான் எனக்குத் தெரியாத வேலையா?”

அடி ஒன்றும் படவில்லை. வெட்கம் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பட்டணத்தில் மாணிக்கத்தின் முடிதிருத்தும் கடைக்குப் போனேன். அந்தக் கடை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், மயிரைவிடச் செய்திதான் அதிகம் விழும். நாற்காலியில் உட்கார்ந்ததுமே பிரேக் எப்படிப் போனது என்று எல்லாரும் கேட்டார்கள். நானே பிரித்து மாட்டினேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. அதற்குப் பதில் வந்தது இது: “யூசுப் நானாவைத்தான் கேக்கணும். என் பிரேக்கைக் கழட்டிக் காட்டுல இருக்கிற நம்ம பங்காளிகளுக்கு அன்பளிப்பா அனுப்பிட்டாரோ என்னமோ.” கடை குலுங்கியது. மாணிக்கம் கத்தியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இரண்டாவது தப்பு அது. முதல் தப்பில் என் கார்தான் கெட்டது.

சிரித்தவர்களில் யார் அதைச் சுமந்துபோனார்களோ, அது எனக்கு இன்றுவரை தெரியாது, தேடவும் இல்லை. புதன்கிழமை இரண்டு போலீஸ்காரர்கள் பட்டறைக்கு வந்து நானாவை அழைத்துப்போனார்கள். தோட்டத்துக் கிராணியின் காரில் பிரேக்கை வேண்டுமென்றே கெடுத்ததாகவும், காட்டு ஆட்களோடு தொடர்பு இருப்பதாகவும் தகவலாம். அந்த நாளில் அப்படி உள்ளே போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை. செய்தி வந்ததும் எனக்குக் காய்ச்சல் வந்தது. உண்மையான காய்ச்சல் என்று இரண்டு நாள் நம்பினேன். உன் அம்மா கஞ்சி வைத்தாள், தலையில் ஈரத்துணி போட்டாள், மூன்றாம் நாள் காலையில் துணியை எடுத்துக்கொண்டு சொன்னாள்: “ஒடம்பு சுடல. வேட்டி தோச்சு வச்சிருக்கேன். உங்க வாய் கொண்டுபோய் உட்டுட்டு வந்த ஆளு. நீங்கதான் போய்க் கூட்டிட்டு வரணும்.”

இன்ஸ்பெக்டர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல், சிரிக்காத முகம். என்னைப்போன்றவனுக்கு அதைவிடக் கொடுமையான முகம் இல்லை. “நீர் சொன்னது பகிடியோ?” என்றார்.

“வெறும் வேடிக்கைப் பேச்சுங்க ஐயா.”

“உம்மட பகிடியாலே ஒரு மனுசன் மூண்டு நாளா அந்த வாங்கிலே இருக்கிறான். நீர் எங்கே இருந்தனீர்?”

“காய்ச்சலுங்க ஐயா.”

“ம். சரி, பகிடி எண்டு எழுதித் தாரும். ஆனா பிரேக் போனது பகிடி இல்லைத்தானே? அது ஏன் போனது?”

எனக்குத் தெரியவில்லை தம்பி. அதுதான் உண்மை. மோதியதற்கு மறுநாள் காலையில் ஷீட்டுகளை உரித்துவிட்டுப் பார்த்தபோது பெடல் கல்லாக இருந்தது. ஒழுகலும் இல்லை. கெட்டதற்குக் காரணம் இல்லையென்றால் யாரோ கெடுத்தார்கள் என்றுதானே ஆகும். இன்ஸ்பெக்டர் மேசை மேல் ஒரு கோப்பைத் தட்டினார். “நாளைக்கு இது அலோர் ஸ்டாருக்குப் போகும். போனா எண்ட கையிலே இல்லை. காரணம் இருந்தா இண்டைக்கே காட்டும்.” காரணம் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்த வாங்கில், பெஞ்சில், கால்சட்டையில் கிரீஸ் கறையோடு உட்கார்ந்திருந்தார். அதை நான் சொன்னபோது இன்ஸ்பெக்டர் முதல் தடவையாக என்னை மனிதனாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். நானாவை ஜீப்பில் ஏற்றினார், தானும் ஏறினார். வழி முழுவதும் நானா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கொட்டகையில் காரைச் சுற்றி வந்தார். நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார். குழாய்களை விரலால் தடவிப் பார்த்தார். பெடலை மிதித்தார். “இப்ப நல்லாத்தான் இருக்கா. ஆயில் ஒழுவல. காத்தும் இல்ல, காத்துன்னா எப்பவும் பஞ்சாத்தான் இருக்கும்” என்று காரிடம் சொன்னார். பிறகு இன்ஸ்பெக்டரிடம், “ஐயா, இவள இறக்கத்துல ஓட்டிப் பாக்கணும்” என்றார். “ஓட்டும். நானும் வாறன்.” பின்னிருக்கையில் இன்ஸ்பெக்டரும் நானும் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். அந்த மேட்டை இரண்டு தடவை ஏறி, என்னைப் போலவே கியரை எடுத்துவிட்டுப் பிரேக்கிலேயே இறங்கினார். மூன்றாவது தடவை பாதி இறக்கத்தில், “போச்சு” என்று அமைதியாகச் சொன்னார். நான் கண்ணை மூடினேன். அவர் கியரைப் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, பூனையைத் தரையில் விடுவது போல் காரை நிறுத்தினார். “கைப்பிரேக்குக்குக் கம்பி, அதுக்கு ஆயில் வேணாம். ஐயா, நீங்களே வந்து மிதிச்சுப் பாருங்க.” இன்ஸ்பெக்டர் முன்னால் வந்து மிதித்தார். கால் தரைவரை போயிற்று. சக்கரத்து டிரம் பக்கம் கை கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவு சூடு.

“இப்ப ஒரு டீ குடிக்கலாம்” என்ற நானா, முதல் கியரிலேயே காரை மெல்லக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். உன் அம்மா டீ கொண்டுவந்தாள். அரைமணி கழித்து இன்ஸ்பெக்டர் மறுபடி மிதித்தார். கல். “சூடானா தளருது, ஆறினா கெட்டியாவுது. யாரும் அறுக்கல, கழட்டல. ஆயில்லதான் என்னமோ” என்ற நானா, சக்கரத்துத் திருகைக் குனிந்து பார்த்தார். “இது என் ஸ்பேனர் பட்ட தடம் இல்ல.” நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மூன்று நாளில் அதுதான் முதல் பார்வை. நான் கூரையில் ஒழுகும் இடத்தை ஆராய்ந்தேன்.

“இவருதான் போட்டாரு. நான்தான் மிதிச்சேன்” என்றாள் உன் அம்மா.

“எந்த ஆயில்?”

“நீங்க குடுத்த டின்னுதான் நானா” என்றேன்.

“கொண்டாங்க.”

கொண்டுவந்தேன். நானா மூடியைத் தொட்டுப் பார்த்தார், அவர் சொன்னபடி இறுக்கித்தான் மூடியிருந்தேன். டின்னைத் திருப்பினார். இரண்டு ஓட்டை, சுற்றிலும் துரு. இரண்டையும் சுண்டுவிரலால் தடவிவிட்டு, “கிராணி, இதுக்கு எதுக்கு மூடி?” என்றார். கேட்டிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த ஒஸ்மான், தன் கைவேலையை அடையாளம் கண்டு பெருமையாக, “சாயா” என்றான், மலாயில் நான்தான் என்று.

நானா தாளிக்கிற இரும்புக் கரண்டி ஒன்று கேட்டார். ஜீப்பிலிருந்து போலீஸ்காரர்களின் சீல் உடைக்காத பிரேக் ஆயில் டின் ஒன்றையும் எடுத்துவரச் சொன்னார். ஒஸ்மானின் கை ஆணியைத் தேடிப் போனதை இன்ஸ்பெக்டர் ஒரு பார்வையில் நிறுத்தினார். அடுப்பில் கரண்டியைக் காயவைத்து, புது ஆயிலிலிருந்து ஒரு சொட்டு விட்டார். அது பரவிச் சும்மா கிடந்தது. கரண்டியைத் துடைத்துவிட்டு என் டின்னிலிருந்து ஒரு சொட்டு விட்டார். சடசடவென்று பொரிந்து வெளியே தெறித்தது. யாரும் சொல்வதற்கு முன்னால் உன் அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல், காதால் மட்டும் கேட்டுச் சொன்னாள்: “தண்ணி.”

“அதேதான் தங்கச்சி” என்றார் நானா. “ஐயா, பிரேக் சூடேறினா உள்ள இருக்கிற தண்ணி ஆவியாவுது. ஆவிய மிதிச்சா என்ன கெட்டியா இருக்கும்? ஆறினா மறுபடி தண்ணி. பெடலும் மறுபடி நிக்கும்.” இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். கோப்பைக் கட்டினார். போகும்போது என்னிடம், “நீர் பத்திரிகையிலும் எழுதுறனீராம். அங்கேயும் ஓட்டை பாத்து எழுதும்” என்றார். அவர் சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நானா அன்று மாலையே வேலையை ஆரம்பித்தார். நான் வேண்டாம் என்றேன், வீட்டுக்குப் போங்கள் என்றேன். “இவள இப்படி விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது” என்றார், துரைசாணியைக் காட்டி. ஆயிலை முழுக்க வடித்தார். குழாய்களை ஸ்பிரிட் விட்டுக் கழுவினார். சிலிண்டர்களுக்குள் செம்புள்ளியாகத் துரு பிடித்திருந்தது, அதைத் தேய்த்து வழவழப்பாக்கி, ரப்பர் வாஷர் எல்லாவற்றையும் மாற்றினார். புது ஆயில் ஊற்றி, தூரத்துச் சக்கரத்திலிருந்து ஆரம்பித்துக் காற்று எடுத்தார். திருகைத் திறந்து மூடும் வேலையைச் சரியான ஸ்பேனரோடு என் கையில் கொடுத்தார். உன் அம்மா மிதித்தாள். “கிராணி, தங்கச்சி காலை எடுக்கிறதுக்கு முந்தி மூடணும். உங்களுக்கு மூடுறதுதான் லேட்டாவுது” என்றார். அவ்வளவுதான் அவர் என்னைத் திட்டியது.

முடித்துக் கை கழுவும்போது ஒன்றே ஒன்று கேட்டார். “எந்த நாற்காலியில சொன்னீங்களோ அதே நாற்காலியில உக்காந்து, நடந்தது இதுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

போனேன். உட்கார்ந்தேன். நானாவும் பெஞ்சில் இருந்தார். நேர்மையாகத்தான் ஆரம்பித்தேன் தம்பி. ஆனால் இன்ஸ்பெக்டரைப் போல் பேசிக் காட்டியபோது கடை சிரித்தது. சிரிப்பு கேட்டால் என் வாய்க்குப் பிரேக் கிடையாது. காய்ச்சல் கதையிலிருந்து கழன்று விழுந்தது. நானே ஸ்டேஷனுக்குப் பாய்ந்து போனேன். ஆயிலில் தண்ணீர் என்று நானே யூகித்தேன். இரண்டு ஓட்டையைச் சொன்னால் கேட்டில் நான் பண்ணின கோமாளித்தனத்தைச் சொல்ல வேண்டும், ஆகவே ஓட்டைகளையும் விட்டுவிட்டேன். மிஞ்சியது என்ன? நானா கொடுத்த டின், அதில் தண்ணீர், அவரைக் காப்பாற்றிய கிராணி. எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள். அன்றிலிருந்து சிலர் அவர் பட்டறையில் ரிப்பேர் செய்துகொள்வார்கள், ஆயில் மட்டும் வேறு கடையில் வாங்குவார்கள்.

திருத்த முயற்சி செய்யவில்லை என்று நினைக்காதே. இரண்டு மூன்று தடவை ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் கையை உயர்த்தி, “விடுங்க கிராணி, கதை நல்லாத்தானே இருக்கு” என்பார். எனக்கும் அதுவே வசதியாக இருந்தது. அவர் அந்தக் காரை மூன்று வருஷம் கல் மாதிரி நிற்க வைத்தார், நான் அவர் பெயரைத் தண்ணீரில் வைத்தேன். உன் கல்யாணத்துக்கு நானே போய் அவரை அழைத்துவந்ததும், முதல் சந்தனம் அவருக்குக் கொடுத்ததும் ஏன் என்று நீ கேட்டாய். வாயால் முடியாததைக் கையால் செய்து பார்த்தேன். அது போதவில்லை என்று சம்பந்தி வீட்டு மாமா பந்தியில் காட்டிவிட்டார். அவருக்கும் நன்றி.

இனி காரைப் பற்றி. இறக்கத்தில் கியரை எடுக்காதே, மிச்சமாகும் பெட்ரோல் உன் மனைவியின் நம்பிக்கைக்கு ஈடாகாது. பிரேக் தளர்ந்தால் எப்போது தளர்கிறது என்று முதலில் பார், எப்போதுமா, சூடான பிறகா. ஆயில் சின்ன டின்னாக வாங்கு, சீல் உடைத்தால் சீக்கிரம் தீர்த்துவிடு, மீந்ததை வைத்துக்கொண்டிருக்காதே. உன் மனைவி, “இது வேற ஆளு பார்க்க வேண்டிய வேலை இல்லையா” என்று கேட்டால் ஸ்பேனரைக் கீழே வை. உனக்கு என்னைவிட நிதானம் உண்டு. அது உன் அம்மா கொடுத்தது, அதற்காகவும் தினமும் நன்றி சொல்லிக்கொள்கிறேன், அவள் காதில் விழாமல்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு யூசுப் நானா மாணிக்கம் கடையில் முகச்சவரம் செய்துகொள்வார், வாரம் தவறாது. மாணிக்கம் இந்தப் பத்தியைக் கடையில் இருப்பவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவதும் வாரம் தவறாது. அவனிடம் சொல்லிவைத்துவிட்டேன். நானாவை அதே நாற்காலியில் உட்காரவைத்து, கன்னம், உதடு, தாடை எல்லாம் நன்றாக நுரை பூசிய பிறகுதான் பத்திரிகையைப் பிரிக்க வேண்டும். கடைசி வரிவரை படித்து முடித்துவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும். நீ துரைசாணியைக் கடை வாசலில் நிறுத்து, ஹாரன் அடிக்காதே. நான் கதவோரமாக நின்றுகொண்டிருப்பேன். இந்த ஒரு தடவை அவர் வாயைத் திறந்து “விடுங்க கிராணி” என்று சொல்ல முடியாது. நுரையைத் துடைத்த பிறகு அவர் என்ன சொல்கிறாரோ, அதை நீயும் கேட்டுவிட்டு செர்டாங்குக்குப் புறப்படு.

உன் அப்பா